முள்ளெலும்பு ஆபரேஷன்: பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும்?

"இடுப்புல எலும்பு நகர்ந்திருக்காம், ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா?" அம்மாவுக்கு அந்த ஆபரேஷன் ஆனது தெரிந்த யாராவது இந்தக் கேள்வியோடு போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்காக ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்து, அவர் ஆபரேஷன் முடிந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை விட முடியாதவன், அவ்வளவுதான். நான் புரிந்துகொண்டது இது: சரியாகுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. காலுக்கு ஒரு பதில், இடுப்புக்கு வேறு பதில். இரண்டாம் வருஷத்தில் கேட்டால் ஒன்று சொல்வார்கள், பத்தாம் வருஷத்தில் கேட்டால் வேறொன்று சொல்வார்கள்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஸ்பாண்டிலோலிஸ்தீஸிஸ் என்று ரிப்போர்ட்டில் வாயில் நுழையாத பெயராக இருக்கும். ஒரு முள்ளெலும்பு தனக்குக் கீழே இருக்கிற முள்ளெலும்பின் மேல் முன்பக்கமாக நகர்ந்து நிற்கிறது என்பதுதான் விஷயம். பெரியவர்களிடம் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, எலும்பின் பின்பக்க வளையத்தில் சின்ன வயதிலேயே ஏற்பட்ட விரிசலால் வருவது, பெரும்பாலும் எல்5 எலும்பு (இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்தில் கடைசி) அதற்குக் கீழே இருக்கிற எஸ்1 மேல் நகரும். இன்னொன்று வயதாவதால் வருவது, டிஸ்க்கும் (முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) மூட்டுகளும் தேய்ந்து எல்4 எலும்பு எல்5 மேல் நகரும், ஐம்பது வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அம்மாவுக்கு இருந்தது இந்த இரண்டாவது. நகர்ந்த அளவை கிரேடு போட்டுச் சொல்வார்கள், கால்பங்கு வரை நகர்ந்தால் கிரேடு 1, பாதி வரை என்றால் கிரேடு 2, இப்படியே மேலே போகும். மயர்டிங் என்பவர் 1932-இல் போட்ட கணக்கு, இன்னும் அதையேதான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். வயதாவதால் வருவது அநேகமாக கிரேடு 1 அல்லது 2-இலேயே நின்றுவிடும். அதனால் யாராவது கிரேடைச் சொல்லி பயமுறுத்தினால் கொஞ்சம் நிதானியுங்கள், கிரேடும் வலியும் கைகோத்துக்கொண்டு போவதில்லை. கிரேடு 2-ஐ வைத்துக்கொண்டு ஒன்றுமே தெரியாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள், கிரேடு 1-லேயே நாலு எட்டு வைக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

அம்மா இரண்டாவது ரகம். படுத்தால் வலி இல்லை, உட்கார்ந்தால் இல்லை, எழுந்து நடக்க ஆரம்பித்து தெருமுனை வருவதற்குள் இரண்டு காலும் கனத்து, தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எங்காவது ஒரு திண்டு கிடைத்தால் உட்காருவார், கிடைக்காவிட்டால் முழங்காலில் கையை ஊன்றி முன்னால் குனிந்து நிற்பார், சற்று நேரத்தில் தணிந்துவிடும். குனிந்தால் ஏன் தணிகிறது என்று அப்போது புரியவில்லை. முதுகு முன்னால் வளையும்போது நரம்புகள் போகிற குழாய் கொஞ்சம் அகலமாகிறது, நிமிர்ந்தால் குறுகுகிறது. அதனால்தான் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி இவர்களால் வெகுதூரம் நடக்க முடியும், கையை வீசி நிமிர்ந்து நடக்க முடியாது. இன்னொரு விஷயம், எம்ஆர்ஐ படுக்க வைத்து எடுப்பது. அம்மாவுக்கு அதில் நகர்வு லேசாகத்தான் தெரிந்தது. நிற்க வைத்து, குனிய வைத்து, நிமிர வைத்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பு எவ்வளவு வழுக்குகிறது என்று பளிச்சென்று தெரிந்தது. உங்களுக்கு எம்ஆர்ஐ மட்டும் எடுத்திருந்தால் நின்றபடி எக்ஸ்ரே வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷனில் இரண்டு வேலை இருக்கிறது. நரம்பை அழுத்துகிற எலும்பையும் தடித்த ஜவ்வையும் எடுத்து வழி விடுவது ஒன்று, டிகம்ப்ரஷன் என்பார்கள். ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு, எலும்புத் துண்டுகளை வைத்து இரண்டு முள்ளெலும்புகளையும் ஒன்றாக ஒட்ட வைப்பது இன்னொன்று, அது ஃப்யூஷன். காலுக்கு நல்லது செய்வது பெரும்பாலும் முதல் வேலைதான். அம்மாவுக்குக் கண் விழித்த மறுநாளே கால் இழுப்பு போய்விட்டது, நர்ஸ் பிடித்து நடக்க வைத்தபோது "காலு லேசா இருக்குடா" என்றார். ஆனால் கால் வலி போனது போல மரத்துப்போன இடம் திரும்பவில்லை. வலது பாதத்தின் வெளிப்பக்கமும் சுண்டுவிரலும் இன்னும் மந்தமாகவே இருக்கின்றன, செருப்பு கழன்று பின்னால் விழுந்தது தெரியாமல் வாசல்வரை ஒற்றைச் செருப்போடு வந்துவிடுவார். நெடுநாள் நசுங்கிய நரம்பு வலியை முதலில் விடும், உணர்ச்சியை மெதுவாகத்தான் திருப்பித் தரும், சில சமயம் தரவே தராது. இடுப்பு வலி? குறைந்தது, ஆனால் போகவில்லை. ஆராய்ச்சிகளிலும் பொதுவாக இதே வரிசைதான் வருகிறது, கால் வலி நன்றாகக் குறைகிறது, முதுகு வலி அந்த அளவுக்குக் குறைவதில்லை. கால் வலி பெரிதாக இல்லாமல் வெறும் இடுப்பு வலிக்காக மட்டும் ஆபரேஷனுக்குப் போகிறவர் அதிகம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

சரி, வருஷக் கணக்குக்கு வருவோம். வயதாவதால் வருகிற இந்த வகைக்கு ஆபரேஷன் நல்லதா, ஆபரேஷன் இல்லாத சிகிச்சை நல்லதா என்று பார்த்த பெரிய ஆராய்ச்சி அமெரிக்காவில் 13 மருத்துவமனைகளில் நடந்தது, ஸ்போர்ட் (SPORT) என்பது அதன் பெயர். முதல் முடிவுகள் 2007-இல் வந்தன. சீட்டுக் குலுக்கி 304 பேரை இரண்டாகப் பிரித்தார்கள், குலுக்கலுக்கு ஒத்துக்கொள்ளாத 303 பேரை அவரவர் விருப்பப்படி விட்டுக் கவனித்தார்கள். குலுக்கலில்தான் வேடிக்கை. ஆபரேஷன் என்று சீட்டு வந்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை, வேண்டாம் என்று வந்தவர்களில் அதே அளவு பேர் வலி தாங்காமல் போய்ச் செய்துகொண்டார்கள். அதனால் சீட்டை வைத்துக் கணக்கிட்டால் வித்தியாசமே தெரியவில்லை. உண்மையில் யார் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்று வைத்துக் கணக்கிட்டால் ஆபரேஷன் பக்கம் நல்ல வித்தியாசம், அது 4 வருஷத்திலும் நின்றது, 8 வருஷத்திலும் நின்றது. இதைப் படித்துவிட்டு இரண்டு கட்சியும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு சண்டை போடும். எனக்குத் தோன்றுவது, முடியாமல் போனவர்கள் ஆபரேஷனுக்குப் போனார்கள், சமாளிக்க முடிந்தவர்கள் போகவில்லை, அப்படித் தானாகப் பிரிந்தபோது போனவர்களுக்குப் பலன் கிடைத்தது, பலன் சீக்கிரம் கரைந்தும் போகவில்லை. நிஜ வாழ்க்கையில் நாமும் அப்படித்தானே முடிவெடுக்கிறோம். அதே ஆராய்ச்சியில் மறைக்காமல் சொல்ல வேண்டிய எண் ஒன்று இருக்கிறது, 8 வருஷத்துக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் 22 சதவீதம். ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் மேல். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த எண்ணை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த சண்டை, ஸ்க்ரூ வேண்டுமா வேண்டாமா. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரே குழுவின் இரண்டு கட்டுரைகள். முதலாவது 1997-இல் ஃபிஷ்க்ரண்ட் என்பவரும் சக டாக்டர்களும் எழுதியது. டிகம்ப்ரஷன் செய்து எலும்பு வைத்து ஒட்டுவதை எல்லோருக்கும் செய்தார்கள், பாதிப் பேருக்கு ஸ்க்ரூவும் போட்டார்கள், பாதிப் பேருக்குப் போடவில்லை. ஸ்க்ரூ போட்டவர்களில் 82 சதவீதம் பேருக்கு எலும்பு ஒட்டியது, போடாதவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் ஒட்டியது. அப்படியென்றால் ஸ்க்ரூ போட்டவர்கள் நன்றாக இருந்திருக்க வேண்டுமே? இல்லை. இரண்டு வருஷம் கழித்துக் கேட்டபோது ஸ்க்ரூ போட்டவர்களில் 76 சதவீதமும் போடாதவர்களில் 85 சதவீதமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், புள்ளிவிவரப்படி அது வித்தியாசமே இல்லை. எலும்பு ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது. பிறகு 2004-இல் ஸ்க்ரூ போடாத பழைய நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், சராசரியாக ஏழே முக்கால் வருஷம் ஓடியிருந்தது. இப்போது எலும்பு கெட்டியாக ஒட்டியவர்களில் 86 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள், ஒட்டாதவர்களில் 56 சதவீதம் பேர்தான். இரண்டாம் வருஷத்தில் கண்ணுக்கே தெரியாத ஒன்று ஏழாம் வருஷத்தில் எழுந்து நிற்கிறது. "ஆறு மாசம் ஆச்சு, சூப்பரா இருக்கேன்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் ஃப்யூஷன் என்று சொல்லிவிடலாம். 2016-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், ஒரே வாரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆராய்ச்சிகள் வந்தன. அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்தது ஒன்று, ஃப்யூஷன் செய்தவர்களின் பொதுவான உடல்நலக் கணக்கு கொஞ்சம் மேலாக இருந்தது, மறு ஆபரேஷன் 4 வருஷத்தில் ஃப்யூஷனுக்கு 14 சதவீதம், வெறும் டிகம்ப்ரஷனுக்கு 34 சதவீதம். ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்தது இன்னொன்று, அவர்களில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேல்தான் எலும்பு நகர்ந்தவர்கள், ஃப்யூஷனால் இரண்டாம் வருஷத்திலும் ஐந்தாம் வருஷத்திலும் கூடுதல் பலன் ஏதும் இல்லை, மறு ஆபரேஷனும் இரண்டு பக்கமும் 21, 22 சதவீதம் என்று கிட்டத்தட்ட ஒரே அளவு. பிறகு நார்வேயில் 267 பேரிடம் செய்து பார்த்தார்கள், முடிவு 2021-இல் வந்தது, ஐந்து வருஷக் கணக்கு 2024-இல் வந்தது. ஐந்தாம் வருஷத்தில் இரண்டு பக்கமும் 63 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், மறு ஆபரேஷன் டிகம்ப்ரஷனுக்கு 16, ஃப்யூஷனுக்கு 18. ஒரே நோய், அமெரிக்காவில் ஒரு பதில், ஸ்காண்டிநேவியாவில் ஒரு பதில்! மறு ஆபரேஷன் என்பது உடம்பு மட்டும் முடிவு செய்கிற விஷயமில்லை என்பது என் சந்தேகம். ஃப்யூஷன் செய்யாத ஒருவர் வலி என்று திரும்பி வந்தால் டாக்டரிடம் "இப்போ ஸ்க்ரூ போடலாம்" என்று சொல்ல ஒரு வழி பாக்கி இருக்கிறது, ஏற்கனவே போட்டவரிடம் அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊர் டாக்டர் எவ்வளவு சீக்கிரம் அந்த வழிக்குப் போவார் என்பதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஆக, எலும்பு அதிகம் ஆடாமல், கிரேடு 1-இல், கால் வலிதான் பிரதானம் என்றால் ஸ்க்ரூ இல்லாமலே போகலாம் என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. குனிந்து நிமிரும்போது எலும்பு நன்றாக வழுக்கினால், அம்மாவுக்கு இருந்த மாதிரி, ஃப்யூஷன் பக்கம் சாய்வார்கள். "எனக்கு ஏன் ஸ்க்ரூ தேவை, இல்லாமல் செய்தால் என்ன ஆகும்" என்று கேட்பது உங்கள் உரிமை. அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிற டாக்டரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

விரிசலால் வருகிற வகை வேறு கதை. அதில் ஆட்கள் இளையவர்கள், முன்னால் இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. ஸ்வீடனில் மோலர், ஹெட்லண்ட் இருவரும் 111 பெரியவர்களை ஃப்யூஷன், உடற்பயிற்சி என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் ஃப்யூஷன் பக்கம் தெளிவாக முந்தியது. சராசரி ஒன்பது வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த லாபத்தில் ஒரு பகுதி கரைந்திருந்தது, அன்றாட வேலைகளைச் செய்கிற திறனில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் "மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் ஆபரேஷன் செய்தவர்களில் 76 சதவீதம் பேரும் உடற்பயிற்சி செய்தவர்களில் 50 சதவீதம் பேரும் முன்பைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இதில் எந்த எண்ணை நம்புவது? நான் இரண்டையும் நம்புகிறேன். மனுஷனுக்கு வலி என்பது மாடி ஏறுவது, பாத்திரம் தூக்குவது என்ற பட்டியலுக்குள் அடங்கிவிடுகிற சமாச்சாரம் இல்லை.

சின்ன வயதில் இந்த விரிசல் இருப்பதாகத் தெரிந்து பதறுகிற பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 1950-களில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 500 பேரை எக்ஸ்ரே எடுத்து, விரிசல் இருந்தவர்களை 45 வருஷம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்குப் பத்து வருஷம் நகர்வின் வேகம் குறைந்துகொண்டே போனது, யாருக்குமே 40 சதவீதத்தைத் தொடவில்லை. எலும்பு ஒரு நாள் முழுக்கக் கழன்று விழுந்துவிடும் என்ற பயத்தில் மட்டும் யாரும் ஆபரேஷன் மேஜைக்கு ஓட வேண்டியதில்லை.

இனி ஃப்யூஷனின் நெடுங்காலக் கணக்கில் எனக்குக் கவலை தருகிற விஷயம், மேல் மாடி. இரண்டு எலும்பை ஒட்டிவிட்டால் அங்கே நடந்துகொண்டிருந்த அசைவை மேலே இருக்கிற மூட்டும் டிஸ்க்கும் ஏற்க வேண்டும், எல்4-எல்5 ஒட்டியவருக்கு எல்3-எல்4. அங்கே தேய்மானம் வேகம் பிடிக்கலாம். பல காரணங்களுக்காக இடுப்பு ஃப்யூஷன் செய்துகொண்ட 215 பேரை வைத்து 2004-இல் வந்த ஒரு கணக்கு, பக்கத்து மட்டத்துக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவது 5 வருஷத்தில் 16.5 சதவீதம், 10 வருஷத்தில் 36.1 சதவீதம் என்றது. இதில் எவ்வளவு ஃப்யூஷனின் வேலை, எவ்வளவு வயதின் வேலை என்று பிரிப்பது லேசில்லை, ஒட்டாமல் விட்டவர்களுக்கும் முதுகு தேயத்தான் செய்யும். ஆனால் முன்பு சொன்ன ஸ்வீடன் நோயாளிகளையே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பார்த்தபோது உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட ஃப்யூஷன் செய்தவர்களுக்கு மேல் மட்டத் தேய்மானம் கூடுதலாகவே இருந்தது. இதில் டாக்டரின் கைக்கும் பங்கு உண்டு. இடுப்பின் இயற்கையான உள்வளைவைக் காப்பாற்றி ஒட்டினால் சுமை ஒழுங்காகப் பிரியும், தட்டையாக ஒட்டிவிட்டால் அந்த ஆள் வாழ்நாள் முழுக்க முன்னால் சாய்ந்து நின்று, மேலே இருக்கிற தசையும் டிஸ்க்கும் அதற்கு ஈடு கொடுத்தே களைத்துவிடும்.

நம் பக்கமும் பங்கு இருக்கிறது. புகை பிடித்தால் எலும்பு ஒட்டாமல் போகிற வாய்ப்பு கூடும், இதில் சந்தேகமே வேண்டாம். எலும்பு சத்துக் குறைந்து மெலிந்திருந்தால் ஸ்க்ரூ பிடிக்காது, தளரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பது நல்லது. எலும்பு ஒட்டி முடிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம்கூட ஆகும், அதுவரை கம்பிதான் தாங்குகிறது. எலும்பு ஒட்டாமலே போனால் கம்பி எத்தனை உறுதியானதாக இருந்தாலும் ஒரு நாள் வளைந்து வளைந்து ஒடியலாம் அல்லது ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கலாம். ஒட்டிய பிறகு ஸ்க்ரூவை வெளியே எடுப்பார்களா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், தொந்தரவு கொடுக்காவிட்டால் எடுப்பதில்லை.

ஆபரேஷனே வேண்டாம் என்று இருந்தால்? ஜப்பானில் வயதாவதால் எலும்பு நகர்ந்த 145 பேரைக் குறைந்தது பத்து வருஷம் கவனித்திருக்கிறார்கள். நகர்வு கூடியது 34 சதவீதம் பேருக்குத்தான். ஆரம்பத்தில் நரம்புத் தொந்தரவு இல்லாதவர்களில் 76 சதவீதம் பேர் பத்து வருஷம் கழித்தும் அப்படியே இருந்தார்கள். ஆனால் நடந்தால் கால் மரத்து நிற்க வேண்டியிருந்தோ, சிறுநீர், மலம் போவதில் சிக்கல் இருந்தோ, அப்படியும் ஆபரேஷன் வேண்டாம் என்றவர்களில் 83 சதவீதம் பேருக்கு நிலைமை மோசமானது. என் கண்ணில் இந்த இரண்டு எண்ணும்தான் யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது என்பதைப் பிரிக்கிறது. வெறும் இடுப்பு வலி, கால் சரியாக இருக்கிறது என்றால் பிசியோதெரபி, எடை, நடை என்று பொறுமையாகப் பார்க்கலாம். பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும், அங்கே வருஷக் கணக்கெல்லாம் பேசக் கூடாது.

அம்மாவின் கடைசி எக்ஸ்ரேயில் ஸ்க்ரூக்கள் நேராக நிற்கின்றன, எலும்பு ஒட்டியிருக்கிறது, டாக்டர் அதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அதே படத்தில் எல்3-எல்4 இடைவெளி முன்னைவிடக் குறைந்திருப்பதையும் அவர்தான் காட்டினார். "வலி இருக்காம்மா?" என்று கேட்டார். காலையில் எழுந்ததும் இடுப்பு விறைக்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது, காலில் ஒன்றுமில்லை என்றார் அம்மா. அப்படியென்றால் தொட வேண்டாம், வருஷத்துக்கு ஒரு முறை நின்றபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வோம், நடக்கிற தூரம் குறைந்தால் உடனே வாருங்கள் என்று அனுப்பினார். நடக்கிற தூரத்தைத்தான் நானும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அம்மாவால் உட்காராமல் ஒரு சுற்று போய்வர முடிகிறது, திரும்பி வந்ததும் இரண்டு செருப்பும் காலில் இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்துக்கொள்கிறார்.